செக்யூலரிசம் என்றால் பையைத் திறந்து காட்டுவது

கண்டிப் பக்கத்தில், தனியாளாக நின்று கத்தோலிக்கத் திருச்சபையைக் காப்பாற்றிய ஒரே ஓட்டோக்காரன் நான்தான்.

பொய். திருச்சபைக்கு நான் செய்த ஒரே உபகாரம், உள்ளே போய் இடத்தை அடைக்காமல் இருந்ததுதான்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பிட்டிய மேட்டில் இருக்கும் எங்கள் கோயிலில், நான் பேசி முடித்ததும் சனம் கைதட்டியது. பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது உண்மை. அந்தக் கைதட்டலால் என் பேத்தியின் ஞானஸ்நானம் கெட்டுப்போகப் பார்த்தது. அதுவும் உண்மை. வேண்டுமென்றால் என் மனைவி பிலோமினாவைக் கேளுங்கள். அவள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் மழை. அதனால் இந்தத் தொடரை நான் எழுதுவதில்லை. போனில் பேசி அனுப்புகிறேன். பத்திரிகையில் இருக்கும் ஒரு தங்கச்சி அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, எழுத்துத் தமிழாக்கி உங்களிடம் தருகிறது. போன வாரம் ஒரு வாசகர், "சவரிமுத்து அண்ணனின் நடை அருமை" என்று பாராட்டியிருந்தார். என் நடை ஓட்டோதான். பாராட்டு தங்கச்சிக்கு.

இப்போதும் போனை வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்கிறேன். எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொன்னால் திட்டுவீர்கள்.

பலாமரத்தடிப் பங்கு

எங்கள் கோயிலில் சிங்களப் பூசை முடிந்து தமிழ்ப் பூசை தொடங்கும். பெண்கள், பிள்ளைகள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் உள்ளே. வாசலுக்கு வெளியே பலாமரம். அதற்குக் கீழே நாங்கள்.

உள்ளே இருக்கும் பங்குக்கு, அதாவது கோயில் சனத்துக்கு, பாதர் பொறுப்பு. பலாமரத்தடிப் பங்குக்கு நான் பொறுப்பு. எங்களுக்கும் வாசகம் உண்டு. முதல் வாசகம் கிரிக்கெட், இரண்டாம் வாசகம் பெட்ரோல், மறையுரை அரசியல். காணிக்கை மட்டும் கிடையாது.

ஆனால் ஒன்று. அப்பம் உயர்த்துகிற நேரத்து நடுப்பூசை மணி அடித்தால், பலாமரத்தடியில் ஒரு சத்தம் இருக்காது. சிகரெட் கையிலிருப்பவன் முதுகுக்குப் பின்னால் மறைப்பான். அவுட்டா, இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தவன் வாயை அப்படியே திறந்தபடி நிறுத்துவான். எல்லார் கையும் நெற்றிக்குப் போகும். மணி நின்றதும், விட்ட இடத்திலிருந்து அவுட்.

இது எனக்குப் பரம்பரையாக வந்த சொத்து. அப்பா காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த கோயில், ஒரு கோழிக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்கச் சுவாமி வருவார். பெண்களும் பிள்ளைகளும் நுழைந்தால் சுவாமிக்கே இடம் காணாது. ஆண்கள் மழையில் வெளியே நிற்பார்கள். பிறகு எங்கள் குடும்பம் டவுனுக்கு வந்தது. கோயில் பெரிதாயிற்று. அப்பா மட்டும் வெளியிலேயே நின்றார்.

அன்றைக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றோம். இன்றைக்கு உள்ளே பாதி பெஞ்சு காலி. அப்போதும் வெளியேதான் நிற்கிறோம். ஏன் என்று கேட்டால், "காத்து நல்லா வருது" என்போம்.

அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு கோயில் கேட்டுகளில் பை பார்க்கிற காலம் வந்தது. ஏன் வந்தது என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்போது பங்குச் சபையில் கேட்டார்கள், "கேட்டுல யாரு நிக்கிறது?" எல்லாரும் ஒரே குரலில், "சவரி எப்பிடியும் வெளியதானே நிக்கிறாரு" என்றார்கள். பச்சை நிறத்தில் மினுங்குகிற ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். அதுவரை சும்மா நின்றவன், அன்றிலிருந்து சேவையாக நிற்கிறேன்.

தண்ணி ஊத்தாத பிள்ளை

எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். மாப்பிள்ளை ரொஷான். பல்லேகலயில், கிரிக்கெட் மைதானத்துக்குக் கிட்ட வாடகை வீடு. ரொஷானுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறான். முதுகில் எப்போதும் ஒரு லெப்டொப் பேக். காதில் வெள்ளையாக ஒரு சாமான். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். முதல் தடவை வந்தபோது பிலோமினா இரக்கப்பட்டு, "கழட்டிக் குடுங்க தம்பி, தச்சித் தாறேன்" என்று ஊசியோடு வந்துவிட்டாள்.

நல்ல பையன். கத்தோலிக்கக் குடும்பம்தான். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்து, பீடத்தில் மணி அடித்தவன். இப்போது கோயிலுக்கு வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். அவனுடைய சொந்தக் கல்யாணத்துக்கு வந்தான். அதில்கூட போட்டோக்காரன், "பாதர், மோதிரத்த இன்னொருக்கா போடச் சொல்லுங்க, வெளிச்சம் சரியா வரல்ல" என்றான். "கலியாணம் ஒருக்காத்தான் தம்பி நடக்கும்" என்றார் பாதர்.

குழந்தை பிறந்தது. பெயர் நைரா. பாதர் கேட்டார், "இது எந்தப் புனிதரின்ர பேர்?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல பாதர். இவ முதல் ஆளா வரட்டும்" என்றேன். பிலோமினா என் காலை மிதித்தாள்.

பெயரைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஞானஸ்நானத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மாதங்கள் போயின. பிள்ளை தவழத் தொடங்கியது. பல் வந்தது. தண்ணீர் ஊற்றுகிற பேச்சே இல்லை. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அவ வளரட்டும் மாமி" என்றான் ரொஷான். "வளந்து, அவளே யோசிச்சி முடிவெடுக்கட்டும்."

"போலியோ மருந்து ஊத்துறப்ப அவகிட்ட கேட்டீங்களா?"

"அது விஞ்ஞானம் மாமி."

"அது கசக்கும். இது வெறும் தண்ணிதானே. ஊத்தினா என்னா?"

மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிச்சி சொல்றோம்" என்றான். பிலோமினா அந்த "யோசிச்சி"யைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் செபமாலை சொன்னாள். ஊசி முனையில் நிற்கிற விஷயம். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

சீமெந்துக்குச் சமாதானம்

அதற்கு முன் பிலோமினாவைப் பற்றி ஒரு சின்னக் கதை. அவள் என்னைப் போல் இல்லை, உள்ளே இருக்கிறவள். ஆனாலும் கொரோனாவில் ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில் போனில் பூசை பார்க்கப் பழகிவிட்டாள். இப்போதும் மழை பெய்தால் போன் பூசைதான். அம்பிட்டியவில் மழை பெய்யாத ஞாயிறு எத்தனை?

சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பாள். தேங்காய் துருவிக்கொண்டே பாவமன்னிப்புச் செபம். நற்செய்தி வாசிக்கும்போது பாதித் தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அப்பம் உயர்த்துகிற நேரம் திரையில் சிவப்பு இருதயம் ஒன்றை அமத்தி விடுவாள்.

ஒரு ஞாயிறு பாதர், "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிப்போம்" என்றார். பிலோமினா கை கூப்பி, தலை குனிந்து, "சமாதானம்" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் சீமெந்து விளம்பரம். தொப்பி போட்ட ஒரு எஞ்சினியர் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"பரவாயில்ல" என்றேன். "அவனுக்கும் சமாதானம் வேணும்தானே."

கையிலிருந்த தேங்காய் என்னை நோக்கி வந்தது. சமாதானம் அத்தோடு முடிந்தது.

பாதர் கேட்டதும் நான் கேட்டதும்

எங்கள் பாதர் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் ஆள். வேகமாகப் பேசுவார். அவர் பேசுவதில் பாதிதான் எனக்கு விளங்கும். மீதியை நானே போட்டுக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை கேட்டடியில் வந்து நின்றார். பின்னால் மேட்டில் ஏறுகிற பஸ் ஒன்று ஹோனை அழுத்திப் பிடித்திருந்தது.

"சவரி அண்ணை, நாளைக்குப் பூசை முடிய ஒரு அஞ்சு நிமிசம் கதைக்க ஏலுமோ? டீச்சர் ஒராள் கதைக்கிறதா இருந்தவ. அவவுக்குக் காய்ச்சல்."

"என்னாத்த பத்தி பாதர்?"

"செக்யூ..." பஸ் ஹோன். "...பற்றி. எங்கட பங்குக்குள்ள அது எப்பிடி உள்ளிடுது, நாங்கள் என்ன செய்யலாம் எண்டு. படிச்ச ஆக்கள் கதைச்சுக் கதைச்சு எல்லாருக்கும் நித்திரை வருது. நீங்கள்தான் சரியான ஆள். கனகாலமா வெளியில நிக்கிறியள்."

என் நெஞ்சு பச்சைச் சட்டைக்குள் பொங்கியது. கடைசியில் ஒருவர் என் சேவையை மதித்துவிட்டார்!

அவர் சொன்னது செக்யூலரிசம். எனக்குக் கேட்டது செக்யூரிட்டி. கடவுளை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு மனிதர் வாழ்கிற பழக்கத்தைப் பற்றி, அதற்கு நல்ல மாதிரியான ஒரு ஆள், அதாவது பலாமரத்தடிப் பங்குத் தலைவன், உள்ளிருந்து சாட்சி சொல்லட்டும் என்பது அவர் யோசனை. நான் கேட்டைப் பற்றிப் பேச ஆயத்தமானேன்.

என் அருளுரை

மறுநாள் பூசை முடிந்தது. பல வருடத்துக்குப் பிறகு பீடத்துக்குக் கிட்டப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கோயில் ரொம்ப நீளம். மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"அன்பானவர்களே. அது கேட்ட ஒடச்சிக்கிட்டு வராது. சிரிச்சிக்கிட்டு வரும். குட் மோர்னிங் சொல்லும்."

முதல் வரிசையில் இருந்த கன்னியாஸ்திரி நிமிர்ந்தார்.

"நாம யார சந்தேகப்படுறோம்? தெரியாத ஆள. அது பிழை. தெரிஞ்ச முகத்த நாம செக் பண்றதே இல்ல. உள்ள வர்றது எல்லாம் நம்ம சொந்தப் பையிலதான் வருது!"

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"முதல்ல கடைசி பெஞ்சில வந்து குந்தும். பூசை முடியிறதுக்கு முந்தி எந்திரிச்சிப் போகும். அத நாம கண்டுக்கிறதில்ல. அவசர வேலைன்னு நெனச்சிக்கிறோம். முன்வாசல்ல இத்தன பேரு நிக்கிறோம். பின்கதவு தொறந்து கிடக்கு! அத சாத்துறதுக்கு யாருமே இல்ல!"

இது உண்மையிலேயே பின்கதவு. பூட்டு உடைந்து எத்தனையோ நாள். நான் பங்குச் சபைக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன விஷயம். ஆனால் பாதர் கண்களை மூடிக்கொண்டார்.

கைதட்டல் வரப்போகிறது என்று தெரிந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"அடையாளம் சொல்றேன், கேட்டுக்கங்க. காதுல வெள்ளையா ஒண்ணு செருகியிருக்கும். முதுகுல லெப்டொப் பேக். முழங்கால்ல கிழிஞ்ச ஜீன்ஸ். நாம பேசினா காதுல விழாது. பொண்டாட்டி பிள்ளையோட சிரிச்சிக்கிட்டு வந்தாலும் விடாதீங்க! ஒருக்கா வீட்டுக்குள்ள வந்திருச்சின்னா, பிறகு நாய் குலைச்சி வேலையில்ல. அதனால, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பைய அவங்கவங்களே தொறந்து காட்டணும். நன்றி."

கைதட்டல். கன்னியாஸ்திரி எழுந்தே நின்றுவிட்டார். பாதர் கண்ணாடியைத் துடைத்தபடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முழுக்க உவமை! உவமையாவே கதைச்சுப்போட்டியள் அண்ணை!"

உவமை என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. "உங்க ஆசீர்வாதம் பாதர்" என்று சொல்லிவிட்டு பலாமரத்துக்கு ஓடினேன்.

ஹமீது நானா சொன்ன விளக்கம்

மறுநாள் காலை ஓட்டோ ஸ்டேண்டில் என் பக்கத்து வண்டிக்காரர் ஹமீது நானா என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார். எங்கள் பங்கின் பேஸ்புக்கில் நான் பேசியது போயிருந்தது.

"என்ன சவரி, நேத்து கோயில்ல பெரிய பயானாம், பிரசங்கமாம்? எங்கட மகள் கெம்பஸ்ல இருந்து எனக்கே அனுப்பியிருக்கா. செக்யூலரிசத்தப் பத்தி இப்படி ஒருத்தரும் பேசினதில்லையாம்."

"செக்யூரிட்டி" என்று திருத்தினேன்.

நானா பிளேன்டீயைக் கீழே வைத்தார். "செக்யூலரிசம்."

"அது என்னா?"

"சமயத்த ஒரு பக்கத்தால வச்சிட்டு மத்த வேலையப் பாக்குறது. உன்ன மாதிரி."

நான் பேசியது கோயில் கேட்டைப் பற்றி என்று சொன்னேன். பிறகு நானா சிரித்த சிரிப்பில் ஸ்டேண்டில் இருந்த காகமெல்லாம் பறந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "கவலப்படாத. எங்கட பள்ளிவாசல்லயும் பயான் முடியிற மட்டும் வெளிய செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆக்கள் இருக்காங்க. சில வெள்ளிக்கிழமைக்கு நானும்தான்."

அப்போது என் போன் அடித்தது. ஷெரின்.

"அப்பா, எங்க வீட்டுக்காரரத்தானே சொன்னீங்க?"

"யார? என்னாத்த?"

"காதுல வெள்ளையா, முதுகுல பேக், கிழிஞ்ச ஜீன்ஸ். பொண்டாட்டி பிள்ளையோட சிரிச்சிக்கிட்டு வந்தாலும் விடாதீங்கன்னு கோயில் மைக்ல சொல்லியிருக்கீங்க. அவரு ரெண்டு தரம் போட்டுப் பாத்தாரு. போன மூடி வச்சிட்டாரு. எங்கள உள்ள விடாதீங்கன்னுதானே சொல்றீங்க? சரி. இனி நாங்க வரல்ல. ஞானஸ்நானமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

போன் நின்றது. ஹமீது நானாவின் சிரிப்பும் நின்றது.

யாரும் நம்பவில்லை

வீட்டுக்குப் போய் பிலோமினாவிடம் உண்மையைச் சொன்னேன். நான் செக்யூரிட்டியைப் பற்றித்தான் பேசினேன், மாப்பிள்ளையை நினைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டுக்கு வருகிற ஆட்களில் அந்த மாதிரிப் பெடியன்கள்தான் பையைத் திறக்கச் சொன்னால் காதில் விழாத மாதிரிப் போவார்கள், அவ்வளவுதான்.

அவள் நம்பவில்லை. "அவ்வளவு அறிவா பேசிட்டு இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறீங்களா? நாப்பது வீட்டுக்காரங்க எங்கிட்ட வந்து கையப் புடிச்சி அழுதாங்க! நீங்க இவ்வளவு ஆழமான ஆளுன்னு எனக்கே தெரியாமப் போச்சி. ஆனா நம்ம மாப்ளைய ஏங்க இழுத்தீங்க? என் பேத்தி தலையில ஒரு சொட்டுத் தண்ணி விழாமப் பண்ணிட்டீங்களே!"

நாற்பது வீடு என்பது அவள் கணக்கு. எங்கள் பங்கில் அத்தனை பேர் வந்தால் அது ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன். ஆனால் அவள் அழுதது பொய்யில்லை. அந்தக் கிழமை முழுக்கச் சீனி போடாத தேநீர்தான் எனக்கு.

பாதரிடம் போனேன். "பாதர், நான் ஒரு முட்டாள். செக்யூரிட்டின்னு நெனச்சித்தான் பேசினேன்."

பாதர் என் தோளைத் தொட்டார். "தாழ்ச்சி. இதுதான் அண்ணை உண்மையான தாழ்ச்சி."

"தாழ்ச்சி இல்ல பாதர், காது!"

"ஓம், ஓம். அடுத்த மாசம் இளைஞருக்கும் ஒருக்கா கதையுங்கோ."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சனம் நம்பியது. ஒரேயொரு உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. மிச்சம் இருந்தது பல்லேகலதான்.

ஒன்றையும் நம்பாதவன்

ஓட்டோவை வீட்டு வாசலில் நிறுத்தியபோது உள்ளே நைரா எதையோ போட்டு உடைக்கிற சத்தம். ஷெரின் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் அறைக்குள் போய்விட்டாள். ரொஷான் கதிரையில் இருந்தான். ஒரு கையில் லெப்டொப், மடியில் பிள்ளை.

"வாங்க மாமா" என்றான். குரலில் சூடு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாப்ள, ஒரு விஷயம். பாதர் செக்யூலரிசம்னு சொன்னாரு. எனக்கு செக்யூரிட்டின்னு கேட்டிச்சி. பஸ்ஸு ஹோன் அடிச்சிச்சி. நான் கேட்டப் பத்தித்தான் பேசினேன். பின்கதவு சத்தியமா பின்கதவுதான். பூட்டு ஒடஞ்சி கிடக்கு, வந்து பாருங்க."

ரொஷான் என்னைப் பார்த்தான். காதிலிருந்த வெள்ளைச் சாமானைக் கழற்றினான். அவன் உதடு துடித்தது. அழப்போகிறானோ என்று பயந்தேன்.

"அந்த நாய்?"

"நெசமான நாய். கோயில் நாய்."

வெடித்துச் சிரித்தான். மடியில் இருந்த பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. ஷெரின் ஓடி வந்தாள். "மாமா சொல்றத நான் நம்புறேன்" என்றான் அவளிடம். ஒன்றையும் நம்பாதவன் என்று எங்கள் குடும்பத்தில் பெயரெடுத்த ஒரே ஆள், என்னை மட்டும் முதல் கேள்வியிலேயே நம்பிவிட்டான்.

தேநீர் வந்தது. சீனி போட்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

பிறகு ரொஷான் மெதுவாகக் கேட்டான், "மாமா, கோவிக்க வேணாம். நீங்க நெசமா நம்புறீங்களா? உள்ளயே போறதில்லையே."

பகிடி ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. மைக் இல்லாத இடத்தில் எனக்கு அறிவும் வராது.

"தெரியல்ல மாப்ள. மணி அடிச்சா கை தன்னால நெத்திக்குப் போகுது. நான் போகச் சொல்றதில்ல. சுகமில்லாம கிடந்தப்பவும் போச்சி. ஒங்க மாமிக்கு ஒப்பரேசன் செய்யிறப்ப பேராதனை ஆஸ்பத்திரி வெராண்டாவில யாரோட போனோ மணி மாதிரி அடிச்சிச்சி. அப்பவும் போச்சி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ரொஷான் லெப்டொப்பை மூடினான். பிறகு சொன்னான், "நான் பீடத்தில மணி அடிச்ச காலத்தில, எங்க கோயில்லயும் வெளிய ஆம்பளைங்க நிப்பாங்க. பக்கக் கதவால பாப்பேன். நான் மணிய ஆட்டினா அம்புட்டுப் பேரும் சுவிட்ச் போட்ட மாதிரி நெத்தியத் தொடுவாங்க. அதப் பாக்குறதுக்காகவே ஒரு அடி கூட அடிப்பேன். திரும்பவும் தொடுவாங்க. பாதர்கிட்ட ஏச்சும் வாங்கியிருக்கேன்."

"அட பாவி! அந்தக் கூடுதல் மணிக்கெல்லாம் மோட்சத்தில கணக்கு இருக்குமா?"

"பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவோம் மாமா" என்றான் திடீரென்று. ஷெரின் தலையை ஆட்டினாள். "எனக்கு இன்னும் ஒண்ணும் தெளிவில்ல. அவளுக்கும் ஒருநாள் கை தன்னால போகுமா, போகாதான்னு அவ பாத்துக்கட்டும். ஆனா ஒரு நிபந்தன."

"சொல்லுங்க மாப்ள, என் ஓட்டோவ வேணும்னாலும் எழுதித் தாறேன்."

"அன்னிக்கு நீங்க உள்ள நிக்கணும். தொடக்கத்திலருந்து முடியிற வரைக்கும். நீங்க நின்னா நானும் நிப்பேன்."

அடப்பாவி. ஓட்டோவையே கேட்டிருக்கலாம்.

நான் நிற்கும் இடம்

இனி மறைக்க முடியாது. அந்த நாள் இன்றைக்குத்தான். நான் நிற்பது பலாமரத்தடியில்.

திட்டாதீர்கள். உள்ளே போகத்தான் வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன், பிலோமினா சப்பாத்து வாங்கித் தந்திருக்கிறாள், அது கடிக்கிறது. ரொஷான் கேட்டு வழியாக வந்தான். பச்சைச் சட்டை இல்லாமலே நான் கையை நீட்டி, "பைய தொறங்க" என்றேன். சிரித்துக்கொண்டே லெப்டொப் பேக்கைத் திறந்து காட்டினான். லெப்டொப் இல்லை. ஞானஸ்நான மெழுகுதிரி, வெள்ளைத் துணி, பால் போத்தல், பம்பர்ஸ். சொந்தப் பையில்தான் எல்லாம் உள்ளே வருகிறது என்று நான் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

எங்கள் வீட்டார் எல்லாரும் உள்ளே போனார்கள். தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, பத்திரிகைத் தங்கச்சிக்கு இந்தக் கிழமைக் கதையைப் பேசிவிட்டுப் போகலாம் என்று ஒதுங்கினேன். ஞானஸ்நானத்துக்கு அழைத்த பலாமரத்தடிக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சும்மா ஒரு வார்த்தை. காற்றும் நன்றாக வருகிறது. ஹமீது நானாவும் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சொல்கிறார், போன வெள்ளிக்கிழமை அவருடைய பள்ளியில் ஒரு ஆள் செருப்பை...

இருங்கள். மணி அடிக்கிறது.

இது என்ன, நடுப்பூசை மணி? பூசையே இல்லையே இன்றைக்கு! பலாமரத்தடியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லார் கையும் நெற்றியில். என் கையும்தான், போனோடு சேர்த்து. திரும்பவும் ஒரு அடி அடிக்கிறது. திரும்பவும் தொடுகிறோம். யார் இந்த வேலை பார்க்...

பக்கக் கதவடியில் ரொஷான் நிற்கிறான். தோளில் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கிற பால் போத்தல், கையில் பீடத்து மணி. வாயெல்லாம் சிரிப்பு.

"மாமா! கை போயிருச்சில்ல? இனி காலையும் உள்ள கொண்டாங்க!"

தங்கச்சி, நான் வைக்கிறேன்.